விமானியை வேலைக்கு எடுக்க கேப்டன் அனுபவம் கட்டாயமா?
கட்டாயமாக்கக் கூடாது, கூடுதல் தகுதியாகப் பார்க்கலாம். அமெரிக்கப் பெரிய விமான நிறுவனங்கள் பல, டர்பைன் விமானங்களில் (ஜெட் போன்ற, சுழலி எஞ்சின் கொண்டவை) கேப்டனாக 1000 மணி நேரம் பறந்திருக்கக் கேட்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. ஆனால் புதிதாகச் சேர்பவர் உட்காரப்போவது துணை விமானி இருக்கையில். அதற்கு அமெரிக்கச் சட்டம் கேட்பது பொதுவாக மொத்தம் 1500 மணி நேரம். சிறிய நிறுவனங்களில் கேப்டன் பதவி பணிமூப்பு வரிசைப்படிதான் வரும். மேலே இடம் காலியாகாவிட்டால் திறமைசாலியும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான், பாவம்.

மணிக்கணக்கு மட்டும் காப்பாற்றாது. 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ நகர் அருகே விழுந்து 50 பேர் இறந்த விமானத்தின் கேப்டன் 3000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். ஸ்டால் (இறக்கைகள் தூக்குவிசையை இழக்கும் நிலை) எச்சரிக்கை வந்ததும் விமானத்தின் மூக்கைத் தாழ்த்தாமல் கட்டுப்பாட்டுத் தண்டைப் பின்னால் இழுத்தார்.

தானே முடிவெடுக்கும் பழக்கம் கேப்டன் இருக்கையில் வளர்வது உண்மை. அதைச் சிமுலேட்டரில் நேரடியாகச் சோதிக்கலாம்: எரிபொருள் குறைகிறது, இறங்கவேண்டிய ஊரில் மூடுபனி, எப்போது மாற்று விமான நிலையத்துக்குத் திரும்புகிறார் என்று பாருங்கள்.