"தப்பு செய்யலேன்னா டெஸ்ட்டுக்குப் போயேன்" என்கிறார் அம்மா... போக வேண்டுமா?

கேள்வி: எனக்கு 26 வயது. மூன்று மாதத்துக்கு முன் பெரியவர்கள் பார்த்து, இந்து முறைப்படி திருமணம் செய்துவைத்தார்கள். முதலிரவில் எனக்கு ரத்தம் வரவில்லை. மறுநாள் காலை மாமியார் அறைக்குள் வந்து படுக்கை விரிப்பை உதறிப் பார்த்தார். அன்றிலிருந்து என் கணவர், "உனக்கு முன்னாடியே யாரோடயோ பழக்கம் இருந்திருக்கு" என்கிறார். அப்படி எதுவும் இல்லை. போன மாதம் என்னை அம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. ஏமாற்றி நடந்த திருமணம் செல்லாதாம். 15 நாளுக்குள் அவர்கள் சொல்லும் டாக்டரிடம் நான் கன்னித்தன்மைப் பரிசோதனைக்கு வர வேண்டுமாம், இல்லாவிட்டால் வழக்காம். என் 25 பவுன் நகை மாமியார் பீரோவில் இருக்கிறது. "தப்பு செய்யலேன்னா போய்க் காட்டிட்டு வந்துடேன்" என்கிறார் அம்மா. என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு, போகாதீர்கள். அவர்கள் டாக்டரிடம் மட்டுமல்ல, நீங்களாகப் பார்த்து வைத்த டாக்டரிடமும் இதற்காகப் போக வேண்டாம். உங்கள் அம்மா உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறார். ஆனால் அவர் நினைக்கிற மாதிரி ஒரு பரிசோதனை மருத்துவத்தில் கிடையாது.

கன்னிச்சவ்வு என்றதும் பலருக்கும் மனதில் வருவது, வாசலை மூடிக் கட்டிய ஒரு திரை. முதல் உறவில் அது கிழியும், ரத்தம் வரும் என்று நம்புகிறார்கள். அது மூடிய திரையாக இருந்தால் மாதவிடாய் ரத்தம் எப்படி வெளியே வரும்? மிகச் சில பெண்களுக்குப் பிறவியிலேயே அது மூடியிருக்கும். வயதுக்கு வரும் பருவத்தில் மாதாமாதம் வயிற்றுவலி வரும், உதிரம் வெளியே வராது; சின்ன அறுவை சிகிச்சை செய்து திறந்துவிட வேண்டியிருக்கும். மற்ற எல்லாருக்கும் அது பெண்ணுறுப்பின் வாயை ஒட்டி, ஓரத்தில் சுற்றியிருக்கும் மெல்லிய திசு மடிப்பு. சிலருக்கு வளையம் போல, சிலருக்குப் பிறை போல. பருவ வயதில் அது நன்றாக இளகி நெகிழும். அதனால் முதல் உறவில் ரத்தமே வராத பெண்கள் நிறைய பேர். வந்தாலும் அவசரம், பயம், வறட்சி இவற்றால் ஏற்பட்ட சின்னக் காயமாக இருக்கலாம். அதை வைத்து யாருடைய ஒழுக்கத்தையும் சொல்ல முடியாது.

2004-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வைச் சொல்கிறேன். கர்ப்பமாக இருந்த 36 இளம்பெண்களைப் பரிசோதித்தார்கள். உறவு நடந்ததற்கான உறுதியான அடையாளம் 2 பேரிடம்தான் தெரிந்தது. வயிற்றில் குழந்தை இருக்கும்போதே சவ்வைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை என்றால், உங்களைப் பார்த்து எந்த டாக்டர் என்ன சொல்லிவிட முடியும்? இந்தப் பரிசோதனைக்கு அறிவியல் அடிப்படையே இல்லை, இதைக் கைவிட வேண்டும் என்று 2018-ல் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் சேர்ந்தே சொல்லிவிட்டன.

அப்புறம், உங்கள் வீட்டில் யாராவது "சின்ன வயசுல சைக்கிள் ஓட்டினா, அதுல கிழிஞ்சிருக்கும்" என்று சமாதானம் சொல்லக் கிளம்பினால் தடுத்துவிடுங்கள். நல்ல எண்ணத்தில் சொல்லப்படுவதுதான். ஆனால் 'கிழிந்திருக்கிறது, காரணம்தான் வேறு' என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக அது ஆகிவிடும். நாளைக்குக் குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் கேட்பார்கள்.

வக்கீலாக நான் வழக்கு நடத்திய ஒரு பெண்ணின் அனுபவம் எனக்கு மறப்பதே இல்லை. என்னிடம் வருவதற்கு முன்பே, அப்பா வற்புறுத்தலில் ஒரு டாக்டரிடம் போய்ச் சான்றிதழ் வாங்கியிருந்தார். அதை லேமினேட் செய்து, பள்ளி மதிப்பெண் பட்டியல் வைத்திருந்த அதே ஃபைலில் வைத்திருந்தார். மத்தியஸ்தம் பேசிய இடத்தில் மாப்பிள்ளை வீட்டார் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "காசு கொடுத்தா யாரும் எழுதித் தருவாங்க, எங்க டாக்டர்கிட்ட வரச் சொல்லுங்க" என்றார்கள். சந்தேகப்படுகிறவருக்கு ஒரு காகிதம் போதாது, இன்னொன்று கேட்பார். அந்தப் பெண் அந்த ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இனி சட்டம். மூன்றே மாதத்தில் ஏன் 'செல்லாத திருமணம்' என்கிறார்கள்? இந்துத் திருமணச் சட்டம் 1955-ன் 14-வது பிரிவுப்படி, கல்யாணமாகி ஒரு வருடம் ஆகாமல் விவாகரத்து மனு போட முடியாது. மனு போடுபவருக்கு அசாதாரணமான கஷ்டம் இருந்தாலோ, எதிர்த்தரப்பின் நடத்தை அசாதாரணமாகக் கெட்டிருந்தாலோ மட்டுமே நீதிமன்றம் விதிவிலக்கு தரும். அதனால், திருமணத்தையே ரத்து செய்யக் கேட்கும் 12-வது பிரிவைப் பிடித்திருக்கிறார்கள். அந்தப் பிரிவை முழுக்கப் படித்தாலும் 'மணமகள் கன்னியாக இருக்க வேண்டும்' என்ற நிபந்தனை கிடையாது. திருமணத்தின்போதே வேறொருவரால் கர்ப்பமாக இருந்தால் என்று ஒரு காரணம் உண்டு. அது உங்களுக்குப் பொருந்தாது. மோசடி என்று வாதாடினால், என்ன மோசடி என்பதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். படுக்கை விரிப்பில் கறை இல்லை என்பது எந்த மோசடிக்கும் சாட்சியம் ஆகாது. விவாகரத்துக்கான பிறர்மனை உறவுகூடத் திருமணத்துக்குப் பிறகு நடந்ததாக இருக்க வேண்டும்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். குடும்ப வழக்குகளில் மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2003-ல் சாரதா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் அதைக் காட்டுவார். அது மனநலம் பற்றிய வழக்கு. வலுவான முகாந்திரம் இருந்தால்தான் உத்தரவிடலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. மனைவியின் கன்னித்தன்மையைச் சோதிக்கக் கேட்ட கணவருக்கு 2025-ல் சத்தீஸ்கர் உயர் நீதிமன்றம், அது உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் காக்கும் அரசியலமைப்பின் 21-வது பிரிவுக்கு விரோதம் என்று மறுத்துவிட்டது. பாலியல் வன்கொடுமை வழக்குகளில்கூட, பெண்ணுறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் 'இரு விரல் சோதனை' கூடாது என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அதைத் தமிழ்நாட்டில் தடை செய்யச் சொல்லி அரசுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அந்தச் சோதனையைச் செய்பவர் ஒழுங்கீனக் குற்றம் செய்தவர் ஆவார் என்றது. நீங்கள் மறுப்பதற்கு இத்தனை பலம் இருக்கிறது.

நோட்டீஸுக்குக் கட்டாயம் பதில் அனுப்புங்கள். நீளமாக வேண்டாம். குற்றச்சாட்டு பொய், பரிசோதனைக்கு வர மாட்டேன், நகையைத் திருப்பித் தாருங்கள் என்றால் போதும். உங்கள் பழைய வாழ்க்கையைப் பற்றி ஒரு வரிகூட விளக்க வேண்டாம். கேட்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. வெறும் சந்தேகத்தில் மனைவியின் நடத்தையைக் கேவலமாக எழுதுவதே மனக்கொடுமை என்று 2003-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த நோட்டீஸே நாளைக்கு உங்கள் கையில் ஆதாரம். பத்திரமாக வையுங்கள். வாட்ஸ்அப் குரல் பதிவுகள் இருந்தால் கோபத்தில் அழித்துவிடாதீர்கள், போனையும் மாற்ற வேண்டாம்.

பெற்றோர் போட்ட நகை சீதனம். அது யார் பீரோவில் இருந்தாலும் உங்கள் சொத்துதான். குடும்ப வன்முறைச் சட்டம் 2005-ன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் மனு போட்டு நகை, ஜீவனாம்சம், பாதுகாப்பு, அந்த வீட்டில் வசிக்கும் உரிமை எல்லாவற்றையும் ஒன்றாகவே கேட்கலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர் மனு எழுத உதவுவார். மகளிர் காவல் நிலையத்தில் கணவரும் அவர் வீட்டாரும் செய்யும் கொடுமைக்கான பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) 85-வது பிரிவில் புகார் கொடுக்கவும் வழி உண்டு. அதை எப்போது செய்வது என்பது, இவரோடு வாழ விரும்புகிறீர்களா என்பதைப் பொறுத்தது. கடிதத்தில் அதை நீங்கள் எழுதவில்லை. யாருக்காகவும் அவசரப்பட்டு முடிவெடுக்க வேண்டாம். அவருக்கு உண்மையிலேயே அறியாமைதான் காரணம் என்று தோன்றினால், மகப்பேறு மருத்துவர் ஒருவரிடம் இருவரும் போய்ப் பேசுங்கள். பேச மட்டும்தான், உங்களைப் பரிசோதிக்க அல்ல.

வக்கீல் வைக்கப் பணம் இல்லையென்றால் தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் இல்லாமல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். 15100-க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். அந்த 15 நாளில் எத்தனை நாள் போய்விட்டது என்று தெரியவில்லை, அதனால் நாளைக்கே கிளம்புங்கள். நோட்டீஸ், அது வந்த கவர், கல்யாணப் பத்திரிகை, நகை தெரிகிற மாதிரி நாலு போட்டோ, கடை ரசீது எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவையும் கூட அழைத்துப் போங்கள். அந்தப் பரிசோதனை எதற்கு வேண்டாம் என்பதை வக்கீல் வாயால் அவரும் கேட்கட்டும்.