ரைபிள் கிளாஸ்ல என்னண்ணே சொல்லித் தராங்க?

போன இதழ்ல ஒரு பதிலுக்கு நடுவுல, டெக்சாஸ்ல இருந்தப்ப கூட்டாளிங்களோட சனி ஞாயிறு தற்காப்பு ரைபிள் கிளாஸ் போனேன்னு ஒரே ஒரு வரி எழுதினேன். அவ்வளவுதான், இந்த தடவ வந்த கேள்வில பாதிக்கு மேல அதுதான். அதனால இந்த இதழ் பூரா துப்பாக்கி. கூட்டுப்பட்டா கேட்டவங்க, ஆத்தங்குடி கல்லுல கறை எடுக்கறது கேட்டவங்கல்லாம் அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கங்க.

கேள்வி: அண்ணே, அது என்ன கிளாஸ்? ராணுவத்துல குடுக்கற மாதிரியா? ரெண்டே நாள்ல என்னத்த கத்துக்க முடியும்?
– வாசகர், தேவகோட்டை

ராணுவம்லாம் இல்ல தம்பி. ஒருத்தன் நம்மளயோ வீட்டாளுங்களயோ தாக்க வந்துட்டான், வேற வழியே இல்ல, அந்த நேரத்துல ரைபிள எப்படி கையாளறதுங்கறதுதான் பாடம். பத்து பதினஞ்சு பேர் வருவாங்க, சொல்லித்தரவங்க ரெண்டு மூணு பேர், பெரும்பாலும் பழைய போலீஸ் இல்லன்னா பட்டாளத்து ஆளுங்க.

காலைல போனதும் ரைபிள் பையவிட்டு வெளிய வராது. மொத கேள்வியே இங்க யாருக்கு முதலுதவி தெரியும்னுதான். யாருக்காவது குண்டடி பட்டா ரத்தம் நிக்க டூர்னிகே பட்டைய இறுக்கிக் கட்டறது யாரு, அமெரிக்க அவசர நம்பர் 911க்கு அடிக்கறது யாரு, அவன் போன் செத்துப் போச்சுன்னா அடுத்து யாரு, ஆம்புலன்ஸுக்கு வழிகாட்ட கேட்டுக்கு ஓடறது யாரு, போன்ல சொல்ல வேண்டிய ரேஞ்ச் (சுடற மைதானம்) அட்ரஸ் என்ன, எல்லாத்தையும் ஆளக் கைகாட்டி பிரிச்சுக் குடுத்துட்டுத்தான் அடுத்த பேச்சு. எனக்கு மொத்த கிளாஸ்லயும் ரொம்ப பிடிச்சது இந்த அரைமணி நேரம்தான். நம்ம சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு கெளம்பற பசங்க இதுல கால்வாசி பேசிட்டுப் போனாலே போதும்.

அப்புறம் நாலு ரூல். ஜெஃப் கூப்பர்னு ஒருத்தர், 1976ல அரிசோனால கன்சைட்னு பயிற்சிப் பள்ளி ஆரம்பிச்சவர், அவர் வச்ச வரிசைதான் இன்னிக்கும் முக்காவாசி இடத்துல ஓடுது. எந்த துப்பாக்கியும் லோடு ஆனதுதான்னு நெனச்சுக்க. அழிஞ்சா பரவால்லன்னு நீ முடிவு பண்ணாத எது பக்கமும் குழல் வாயத் திருப்பாத. சைட் (குறி பாக்கற பாகம்) டார்கெட்ல உக்கார்ற வரைக்கும் விரல் ட்ரிகர்ல இருக்கக்கூடாது. எத சுடற, அதுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு தெரிஞ்சு சுடு. ரெண்டு நாளும் கத்திக்கிட்டே இருப்பாங்க இத. ஒருத்தர் பேச்சு சுவாரசியத்துல ரைபிளோட லேசா இடது பக்கம் திரும்புனாரு, பயிற்சியாளர் பின்னாடி இருந்து வந்து அவர் தோளப் புடிச்சு அப்படியே டார்கெட் பக்கம் திருப்பிவிட்டுட்டுத்தான் வாயவே தொறந்தாரு. இன்னொரு தடவ ஆனா பணத்த வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிடுங்கன்னு சொல்லிட்டாரு, அந்தாளு நாப்பது வருஷமா வேட்டைக்குப் போறவராம்.

மத்தபடி ரெண்டு நாள்ல கைக்கு ஒரு ஒழுங்கு வரும், அவ்வளவுதான் வரும். அத வீட்ல போட்டுப் போட்டுப் பாக்கலன்னா ஆறு மாசத்துல அதுவும் போயிடும்.

கேள்வி: நான் கிளப்ல 50 மீட்டர் .22 ரைபிள் சுடறேன், குரூப்பிங், அதாவது குண்டெல்லாம் கிட்டக்கிட்ட விழறது, நல்லாவே விழும். எனக்கு அந்த கிளாஸ் தூசு மாதிரிதான இருக்கும்?
– வாசகர், காரைக்குடி

உங்களுக்கு மூச்சும் ட்ரிகரும் கைவசம் இருக்கு, அது பெரிய பலம். ஆனா அங்க கிட்ட இருக்கற டார்கெட்தான் ஆளக் கவுக்கும். ஏஆர் 15 மாதிரி ரைபிள்ல சைட் குழலுக்கு மேல ஏறக்குறைய ரெண்டரை இஞ்ச் ஒசரத்துல உக்காந்திருக்கும். 50 கெஜத்துக்கு சைட்ட சரிபண்ணி ஜீரோ பண்ணிட்டீங்கன்னா அந்த தூரத்துல பார்வையும் குண்டும் சந்திக்கும், சரி. அதே ரைபிள வச்சு அஞ்சாறு கெஜத்துல, ஒரு ரூம் அகலத்துல சுட்டா, குண்டு இன்னும் மேல ஏறவே இல்ல, நீங்க பாக்கற புள்ளிக்கு ரெண்டு இஞ்சுக்கு மேல கீழதான் போய் விழும். டார்கெட்ல தலைல தீப்பெட்டி சைஸ்க்கு ஒரு கட்டம் வரைஞ்சு வச்சிருப்பாங்க, நடு நெத்தின்னு நெனச்சு சுட்டவங்களுக்கெல்லாம் மூக்குல ஓட்டை. பேப்பர் டார்கெட்ல கெட்டிக்காரங்களா இருக்கறவங்கதான் இதுல ரொம்ப முழிப்பாங்க, ஏன்னா அவங்க கை நடுங்கல, சைட்டும் நேராத்தான் இருக்கு, எங்க தப்புன்னு புரியாது.

அடுத்தது டம்மி, அதாவது வெடிக்காத போலித் தோட்டா. பக்கத்துல நிக்கறவர்கிட்ட நம்ம மேகசின (தோட்டா அடுக்கற பெட்டி) குடுத்துடணும், அவரு நெஜத் தோட்டாவுக்கு நடுவுல ரெண்டு மூணு டம்மிய எங்கயோ சொருகிக் குடுப்பாரு. சுட்டுக்கிட்டே வரும்போது திடீர்னு வெறும் 'டிக்'. அந்த செகண்ட்ல குழல் வாய் பொசுக்குன்னு கீழ குனியறது ஊருக்கே தெரியும், ஏன்னா உதைக்கப் போவுதுன்னு உடம்பு முன்கூட்டியே அமுக்குது. வெடி சத்தத்துல மறைஞ்சிருந்த குறை அது. 'டிக்' வந்ததும் யோசிக்கக் கூடாது, மேகசின் அடில ஒரு தட்டு, பின்னாடி ஹேண்டில ஒரு இழு, திரும்ப குறி. ரெண்டு தோட்டா ஒண்ணா போய் மாட்டிக்கிச்சுன்னா அந்த தட்டு இழுப்புலாம் வேலைக்காவாது, போல்ட்ட (தோட்டாவ உள்ள தள்ளற பாகம்) பின்னாடி லாக் பண்ணி மேகசின பிடுங்கி எறிஞ்சுட்டு உள்ள சிக்குனத வெளியேத்திட்டு புதுசு போடணும். பயிற்சியாளர் வேணும்னே சிக்க வச்சுக் குடுத்துட்டு டைமர பீப்புன்னு அழுத்துவாரு, அப்ப பாக்கணும் மூஞ்சிங்கள. முட்டி போட்டு, படுத்து, மரப்பலகை ஓட்டை வழியா, இடது தோள்ல வச்சுன்னு மாத்தி மாத்தி சுடணும். ரெண்டு நாளைக்கு 500 ரவுண்டுக்கு மேல கொண்டு வரச்சொல்ற கிளாஸ் சாதாரணம், கிளாஸ் பீஸ விட தோட்டா செலவு கடிக்கும். ஒரு விஷயம், அந்த ஏஆர் 15 வகை, ஒவ்வொரு சுடுக்கும் அடுத்த தோட்டாவ தானே ஏத்திக்கற செமி ஆட்டோமேட்டிக் ரைபிள் நம்ம நாட்ல 2016 ஆயுத விதிகள் படி தடை செஞ்ச பட்டியல்ல இருக்கு, அதனால அங்க கத்துகிட்டத இங்க வந்து செஞ்சு பாக்கற கனவெல்லாம் வேண்டாம்.

கேள்வி: கூட யாருலாம் வருவாங்க? பொம்பளைங்க வருவாங்களா? நாள் பூரா வெயில்ல சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க?
– வாசகி, பள்ளத்தூர்

தாராளமா வருவாங்கம்மா. நர்ஸ், பிளம்பர், புருஷன் பொண்டாட்டியா ஜோடியா, ரிட்டயர் ஆன வாத்தியார், எங்க கூட்டம் ஐடி கூட்டம். எங்க வரிசைல ரொம்ப நிதானமா சுட்டது ஒரு பாட்டிம்மாதான்.

சாப்பாடு விஷயம் நல்லா கேட்டீங்க, இத நெறைய பேர் யோசிக்கறதில்ல. தோட்டாவுல ஈயம் இருக்கு, சுடச்சுட அந்தப் புகையும் தூசியும் கைல, சட்டைல, முடில எல்லாம் ஒட்டும். அமெரிக்காக்காரன் சாண்ட்விச்ச பேப்பரோட புடிச்சு கடிச்சுடுவான், நாம புளிச்சோத்த பெசஞ்சு உருட்டி வாய்ல போடற ஜாதி. சோப்பு போட்டு பச்சத்தண்ணில முழங்கை வரைக்கும் கழுவாம டப்பாவத் தொறக்கக் கூடாது. எங்காளு ஒருத்தர் வேட்டில துடைச்சுக்கற பழக்கத்துல பேண்ட்ல துடைச்சுட்டு உக்காந்தாரு, எழுப்பி அனுப்பிட்டோம். வீட்டுக்கு வந்ததும் அந்தத் துணிய தனியா ஊறப்போடணும், சின்னப் புள்ளைங்கள குளிக்காம தூக்கக் கூடாது. சட்டை கழுத்து பட்டன் வேற போட்டே இருக்கணும், வெளிய தெறிக்கற காலி கேஸ் (சுட்ட தோட்டாவோட வெத்து உறை) கொதிக்கும், உள்ள விழுந்துச்சுன்னா சூட்டுக் காயம் சின்னதுதான், ஆனா அந்தாளு ஆடற ஆட்டத்துல ரைபிள் எந்தப் பக்கம் திரும்புதுங்கறதுதான் பயம்.

கேள்வி: ஹீரோ ஒத்தக் கைல ரைபிள் சுடறாரே, முடியுமா?
– வாசகர், கோட்டையூர்

சுடலாம். படாது. அதோட ஹீரோ காதுல பஞ்சு கூட இல்ல, ரைபிள் சத்தம் 150 டெசிபலுக்கு மேல, நாங்க காதுக்குள்ள ஒரு அடைப்பான் போட்டு அதுக்கு மேல காத மூடற மஃப்பும் மாட்டிக்கிட்டு நின்னோம்.

கேள்வி: எம்மகன் டாலஸ்ல எச்1பில இருக்கான். ஆபீஸ் பசங்க இந்த மாதிரி கிளாஸுக்கு கூப்பிடறாங்களாம். போகலாமா தம்பி?
– வாசகர், கண்டனூர்

அண்ணே, இது முக்கியம், இத வெட்டி மகனுக்கு வாட்ஸப்ல அனுப்பிடுங்க. எச்1பி, எஃப்1, விசிட்டர் மாதிரி தற்காலிக விசால இருக்கறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ கைல வச்சிருக்கறது அமெரிக்க மத்திய சட்டப்படி குத்தம். சொந்தமா வாங்குனாத்தான் தப்புன்னு பசங்க நெனைக்கறாங்க, அப்படி இல்ல, ரேஞ்சுல வாடகைக்கு வாங்கி சுடறதும், கூட்டாளி ரைபிள வாங்கி சுடறதும் அதே கணக்குதான். விதிவிலக்கு இருக்கு, அங்க ஏதாவது ஒரு மாநிலம் குடுத்த வேட்டை லைசென்ஸ் செல்லுபடியா கைல இருந்தா போகலாம். டெக்சாஸ்ல அத வாங்கறது கஷ்டமில்ல, ஆனா கிளாஸுக்கு முன்னாடியே வாங்கி சட்டைப்பைல இருக்கணும். கிரீன் கார்டு வந்தவங்களுக்கு இந்தத் தடை கிடையாது. ஒரு சனிக்கிழம ஜாலிக்கு விசாவ பணயம் வைக்க வேண்டாம், வக்கீல்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போகச் சொல்லுங்க.

கேள்வி: தம்பி, புள்ளைங்க வெளிநாட்ல. பெரிய வீட்ல நானும் சமையலுக்கு வர்ற பொண்ணும் மட்டும்தான். ராத்திரி பின்கட்டுல சத்தம் கேட்டா வயித்தக் கலக்குது. லைசென்ஸ் எடுத்து ஒரு துப்பாக்கி வச்சுக்கட்டுமா?
– ஒரு ஆச்சி, கானாடுகாத்தான்

ஆச்சி, முடியாதுன்னு இல்ல. 1959 ஆயுதச் சட்டப்படி கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கணும், போலீஸ் விசாரணை வரும், துப்பாக்கிய பத்திரமா கையாளப் பயிற்சி எடுத்த சான்றிதழ் கேப்பாங்க, எலெக்சன் வந்தா ஸ்டேஷன்ல கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்லுவாங்க. ஆனா நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன்.

உங்க முகப்புல நின்னு பாருங்க. நம்ம வீடுங்கள்ல கதவெல்லாம் ஒரே கோட்டுல, முகப்பு, வளவு (நடு முற்றம்), இரண்டாங்கட்டு, அடுப்படி தாண்டி பின்வாசல் வரைக்கும் நேரா தெரியும், முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு. நாலாவது ரூல நெனச்சுக்கங்க. வளவுல நிக்கறவன நோக்கி இருட்டுல சுட்டது தப்பிச்சுன்னா நிக்க சுவரே இல்ல, அது பின்தெருவுல போய்த்தான் நிக்கும், அங்க யாரு திண்ணைல படுத்திருக்காங்களோ. வளவுல நிக்கறவன் திருடனாங்கறதே மொத கேள்வி, சமையலுக்கு வர்ற பொண்ணு தண்ணி குடிக்க எந்திரிச்சிருக்கலாம். சட்டமும் இருக்கு, தற்காப்பு உரிமைய முன்னாடி இந்திய தண்டனைச் சட்டம் ஐபிசில பிரிவு 96லேர்ந்து 106 வரைக்கும் சொன்னாங்க, 2024 ஜூலைலேர்ந்து அதுக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதால 34லேர்ந்து 44. ராத்திரி வீடு பூந்து திருட வர்றவன் விஷயத்துல உரிமை கொஞ்சம் பெருசுதான், ஆனாலும் தேவைக்கு மேல காயம் பண்ணக்கூடாது, போலீஸ கூப்பிட நேரம் இருந்தா அந்த உரிமையே கிடையாது. அத நீங்க கோர்ட்ல நின்னு நிரூபிக்கணும்.

அந்த கிளாஸ்ல கையில ரைபிள் வச்சிருக்கறவனுக்கே சொல்றது என்ன தெரியுமா, சத்தம் கேட்டா ஒத்த ஆளா ரூம் ரூமா தேடிட்டுப் போகாத, வீட்டாளுங்கள ஒரு ரூம்ல சேத்து கதவ பூட்டிக்க, போன் பண்ணு, உரக்கக் கத்துன்னுதான். அத துப்பாக்கி இல்லாமயே செய்யலாம் ஆச்சி. முன்கட்டுல உறுதியான தாழ்ப்பாளோட ஒரு ரூம, சார்ஜ் போட்ட போனோட, டார்ச்சோட படுக்கற ரூமா ஆக்கிக்கங்க. பின்கட்டு லைட்டோட சுவிட்ச் அந்த ரூம்லயே இருக்கற மாதிரி எலெக்ட்ரீசியன வரச்சொல்லி இழுத்துக்கங்க. 100 இல்லன்னா 112. பின்கட்டுல சத்தம் பாதி நாள் மரநாயாத்தான் இருக்கும்.

கேள்வி: எங்க பொண்ணு ஏழாவது படிக்கறா, துப்பாக்கி சுடற போட்டிக்குப் போகணும்ங்கறா. பயமா இருக்கு, விடலாமா?
– வாசகி, புதுவயல்

விடுங்க. ஆரம்பம் 10 மீட்டர் ஏர் ரைபிள், உள்ளுக்குள்ளயே சுடறது, வெடிமருந்து கிடையாது. குண்டு 4.5 மில்லிமீட்டர், நடுவுல பத்துக்கான புள்ளி வெறும் 0.5 மில்லிமீட்டர், குண்ட விட சின்னது. புள்ள மணிக்கணக்கா அசையாம நிக்கக் கத்துக்கும், பரிட்சைக்கும் உதவும். கடலூர்ல பிறந்து குஜராத்ல வளந்த இளவேனில் வாலறிவன் இந்த விளையாட்டுலதான் உலகக் கோப்பைல தங்கம் எடுத்தது. 4.5 மில்லிமீட்டர் குழல், சக்தி 20 ஜூலுக்குள்ள இருந்தா லைசென்சும் வேண்டாம். ஆனா கிளப்ல, ஆள் பக்கத்துல இருக்கும்போது மட்டும். மாடில நின்னு கொக்கு குருவிய குறிவைக்க ஆரம்பிச்சா பிடுங்கி பூட்டிடுங்க, வேட்டங்குடி சரணாலயத்துப் பக்கம் பறவைக்காக தீபாவளிக்கு வெடியே போடாத சனங்க இருக்கற ஜில்லா இது.

கேள்வி: ஐயா காலத்து ரெட்டைக் குழல் துப்பாக்கி ஒண்ணு பரண்ல கிடைச்சது, லைசென்ஸ் அவரோடயே போச்சு. தொடச்சு முகப்புல மாட்டலாமா? முனீஸ்வரன் கோவில் தெரு பழைய சாமான் கடைல ஒருத்தர் விலை கேக்கறார்.
– வாசகர், செட்டிநாடு

மாட்டவும் வேண்டாம், விக்கவும் வேண்டாம். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி துருப்பிடிச்சாலும் துப்பாக்கிதான், கடைக்காரர் வாங்குனா ரெண்டு பேருக்கும் கேசு. உள்ள பழைய தோட்டா கிடக்கலாம், ஆர்வத்துல குழல மடக்கிப் பாக்காதீங்க, மொத ரூல். குழல் வாய் ஆள் இல்லாத சுவத்தப் பாத்து இருக்கற மாதிரி ஒரு ரூம்ல வச்சுப் பூட்டிட்டு, ஸ்டேஷன்ல போய் எழுதிக் குடுத்து அவங்களயே வந்து எடுக்கச் சொல்லுங்க, பஸ்ல துணில சுத்தி தூக்கிட்டுப் போகாதீங்க. வாரிசு பேருக்கு லைசென்ஸ் மாத்தணும்னா அதுக்கப்புறம் கலெக்டர் ஆபீஸ்ல மனு போட்டுக்கலாம், ஐயாவோட இறப்புச் சான்றிதழ், பழைய லைசென்ஸ் புத்தகம் கிடைச்சா அதுவும் தேடி எடுத்து வைங்க. ஒப்படைச்சதுக்கு ரசீது வாங்காம மட்டும் அவங்கள அனுப்பிடாதீங்க.