சகோதரச் சங்கங்களில் சடங்கு எதற்கு?

சகோதரச் சங்கம் என்றால், ரத்த உறவில்லாதவர்கள் உறுதிமொழி எடுத்து அண்ணன் தம்பியாகப் பழகும் அமைப்பு. சிங்கப்பூரில் 1845 முதல் இருக்கும் ஃப்ரீமேசன்கள் நல்ல உதாரணம். ஹில் ஸ்திரீட் தீயணைப்பு நிலையத்துக்குப் பக்கத்தில், கோல்மன் ஸ்திரீட்டில் இருக்கிறது அவர்களுடைய மண்டபம்.

அவர்களின் சின்னம் கொத்தனாரின் மூலைமட்டமும் கவராயமும். மூலைமட்டம் நேர்மையைக் குறிக்கும்; கவராயம், ஆசைக்குப் போடும் எல்லையை. புதிதாகச் சேர்பவர் கண்ணைக் கட்டிக்கொண்டு, காசோ நகையோ இல்லாமல் உள்ளே வருவார். வசதியும் அந்தஸ்தும் வாசலோடு நின்றுவிட வேண்டும், அதற்குத்தான். ‘எல்லாரும் சமம்’ என்று நூறு முறை சொன்னாலும் மனதில் ஒட்டாது. உடம்பு ஒருமுறை பட்டுவிட்டால் மறக்காது.

சிங்கப்பூரின் கட்டாய ராணுவப் பயிற்சியான தேசிய சேவைக்குப் போனவர்களுக்கு இது புரியும். பயிற்சி முகாம் இருக்கும் புலாவ் தெக்கோங் தீவில் முதல் நாளே எல்லாருக்கும் ஒரே மொட்டை, ஒரே பச்சை உடுப்பு. காண்டோ (தனியார் அடுக்குமாடி) வீட்டுப் பையன் யார், மூவறை அரசு அடுக்குமாடி வீட்டுப் பையன் யார் என்று தெரியாது (சில அம்மாக்களுக்குத் தன் மகனே தெரியாது!). அப்புறம் அந்த நட்பு இருபது வருடம் கழித்தும் தொடர்கிறது.

ஃப்ரீமேசன் தனி மதம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, கடவுள் நம்பிக்கை வேண்டும், எந்த மதமானாலும் சரி, ஆனால் கூட்டத்துக்குள் மத விவாதத்துக்குத் தடை.