ஜியாலஜி படிக்கட்டும்

அன்புள்ள அக்கா,

சியாட்டிலுக்கு வடக்கே பாத்தலில் இருக்கிறோம். மகள் பத்தாம் வகுப்பு முடிக்கப்போகிறாள். இங்கே பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ‘ரன்னிங் ஸ்டார்ட்’ திட்டத்தில் கம்யூனிட்டி காலேஜில், அதாவது உள்ளூர் இரண்டு வருடக் கல்லூரியில், படிக்கலாம். இரண்டு வருடமும் முழுநேரமாக அங்கேயே படித்தால் பள்ளி முடிக்கும்போது கையில் அசோசியேட் என்ற இரண்டு வருடப் பட்டமும் இருக்கும், பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் மிச்சம் என்று நான் நினைக்கிறேன். காலேஜ் வேண்டாம், பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடத்தும் ஏபி பாடங்கள் போதும் என்கிறார் கணவர். மகளோ, “எனக்கு ஜியாலஜி ஒரே ஒரு கிளாஸ் எடுக்கணும், மற்றதெல்லாம் ஸ்கூலிலேயே படிக்கிறேன்” என்கிறாள். ஜியாலஜியை (நிலவியலை) வைத்து என்ன செய்யப்போகிறாள்? இதனால் வீட்டில் தினமும் வாக்குவாதம். பணம் மிச்சமானால் நல்லதுதான், ஆனால் கட்ட முடியாத நிலையில் நாங்கள் இல்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் மகள் சொல்வதுதான் சரி என்று நினைக்கிறேன். மூன்று பேரில் அவள் ஒருத்திதான் ஒரு பாடத்தின் பெயரைச் சொல்லியிருக்கிறாள். நீங்கள் வருடத்தைப் பற்றியும் உங்கள் கணவர் பாதுகாப்பைப் பற்றியும் பேசுகிறீர்கள்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பள்ளி மாணவர்களைக் கல்லூரி வகுப்பில் உட்காரவைக்கும் வழக்கத்தை மாநிலம் முழுவதற்குமான திட்டமாக முதலில் கொண்டுவந்தது மினசோட்டா, 1985இல். வாஷிங்டன் மாநிலம் 1990இல் ரன்னிங் ஸ்டார்ட்டுக்குச் சட்டம் போட்டது. கல்லூரியின் டியூஷன் கட்டணம் குடும்பத்தின் தலையில் விழாது. புத்தகம், சில்லறைக் கட்டணங்கள், போக்குவரத்து மட்டும் நம் செலவு. படிக்கும் ஒவ்வொரு பாடமும் பள்ளிக்கும் கல்லூரிக்குமாக இரண்டு இடத்திலும் கணக்கில் சேரும். நல்ல திட்டம். பணமில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இது பெரிய கதவு. அப்படிப்பட்ட வீடாக இருந்தால் உங்கள் யோசனையையே நானும் சொல்லியிருப்பேன். பள்ளிச் சூழலே மூச்சுமுட்டுகிறது என்று தவிக்கும் பிள்ளைக்கும் முழுநேரக் கல்லூரி பொருந்தும். உங்கள் கடிதத்தில் இந்த இரண்டுமே இல்லை.

இரண்டு வருடம் மிச்சம் என்கிறீர்களே, அதை நிதானமாகப் பாருங்கள். இங்கே கல்லூரி வருடத்தைக் குவார்ட்டர் என்ற பருவங்களாகப் பிரித்து, முடித்த பாடத்துக்குக் கிரெடிட் தருகிறார்கள். அசோசியேட் பட்டத்துக்கு 90 குவார்ட்டர் கிரெடிட், இளங்கலைப் பட்டத்துக்கு 180. காகிதத்தில் பாதி தூரம்தான். ஆனால் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 105 கிரெடிட் வருவதற்குள் மேஜர், அதாவது முதன்மைப் பாடம், எதுவென்று அறிவித்துவிட வேண்டும் என்பது பொதுவிதி. 90ஐக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போகும் பெண்ணுக்கு அந்த விதிப்படி மிச்சம் 15 கிரெடிட், ஏறக்குறைய ஒரு குவார்ட்டர் படிப்புதான். மற்ற பிள்ளைகள் தத்துவம், புள்ளியியல், ஓவிய வரலாறு என்று நுழைந்து பார்த்துத் தங்களைக் கண்டுபிடிக்கும் காலம் இவளுக்கு அதிகம் இருக்காது. கம்ப்யூட்டர் சயன்ஸ் மாதிரித் துறையில் இடம் கிடைப்பது வேறு போட்டி, கிரெடிட் குவித்திருப்பதால் அந்தக் கதவு திறக்காது. வெளிமாநிலத்துக்கோ தனியார் பல்கலைக்கழகத்துக்கோ போக ஆசைப்பட்டால், பள்ளிப் படிப்பை முடிக்கக் கணக்கில் எடுத்துக்கொண்ட பாடத்துக்குப் பல இடங்களில் கிரெடிட்டே தரமாட்டார்கள். ஆக, நீங்கள் மிச்சப்படுத்த நினைக்கும் இரண்டு வருடம் உறுதியானது இல்லை. அதற்காகப் பதினாறு, பதினேழு வயதில் பள்ளியில் அவளுக்கு இருக்கும் தோழிகளையும் மதியச் சாப்பாட்டு அரட்டையையும் கொடுத்துவிடச் சொல்கிறீர்கள். அது எனக்குச் சம்மதமில்லை.

உங்கள் கணவரின் கவலையில் நியாயம் இருக்கிறது. ஏபியில் மே மாதத் தேர்வு சரியாக அமையாவிட்டால் அந்த மதிப்பெண்ணை யாருக்கும் அனுப்பாமல் விட்டுவிடலாம். கல்லூரி கிரேடு அப்படியில்லை. பதினாறு வயதில் வாங்கிய சி, கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியலில்) கடைசி வரை நிற்கும். பின்னால் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தால் அதையும் காட்டித்தான் ஆகவேண்டும். வேகமும் அதிகம். ஐந்து குவார்ட்டர் கிரெடிட் பள்ளியின் ஒரு முழு கிரெடிட்டுக்குச் சமம். அதாவது பள்ளியில் ஒரு வருடம் ஓடும் பாடம் இங்கே ஏறக்குறைய பதினோரு வாரத்தில் முடிந்துவிடும். வாரத்துக்கு ஐந்து மணிநேர வகுப்பு என்றால் வீட்டில் பத்து மணிநேரமாவது உட்கார்ந்து படிக்க வேண்டும். இரண்டு வாரம் காய்ச்சலில் படுத்தால் பாடத்தில் ஐந்தில் ஒரு பங்கு போச்சு.

இவ்வளவு ஆபத்து இருந்தும் ஏன் போகச் சொல்கிறேன்? அவள் கேட்கும் பாடம் ஏபியில் கிடையாது. சுற்றுச்சூழல் அறிவியல் உண்டு, ஜியாலஜி இல்லை. அவள் இருக்கும் மண்ணோ ஜியாலஜி படிக்கவே உண்டானது. 1980இல் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்துத் தன் உச்சியையே இழந்தது அந்த மாநிலத்தில்தான். கிழக்கே போனால் கருங்கல் தரையை யாரோ ராட்சதக் கையால் வழித்தெடுத்தது போன்ற நிலம் வரும். அதைப் பார்த்து, பெருவெள்ளம் ஒன்று அறுத்த நிலம் இது என்று 1923இல் சொன்னவர் ஜே ஹார்லன் பிரெட்ஸ். பெரிய ஜியாலஜிஸ்டுகள் பல வருடம் அவரை ஏற்கவில்லை. பனியுகத்தின் முடிவில், கிழக்கே மான்டானாவில் அப்போதிருந்த மிசோலா ஏரியை அடைத்திருந்த பனி அணை திரும்பத் திரும்ப உடைந்து வந்த வெள்ளம் அது என்று பிறகு உறுதியானது. 1979இல், தொண்ணூறைத் தாண்டிய வயதில், அமெரிக்க ஜியாலஜி சங்கத்தின் பென்ரோஸ் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. அந்த பிரெட்ஸ் ஆரம்பத்தில் சியாட்டிலில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர். இதையெல்லாம் படிக்க ஒரு பெண் தானாக ஆசைப்படுகிறாள். ‘என்ன செய்யப்போகிறாள்’ என்று தயவுசெய்து அவளிடம் கேட்காதீர்கள்.

கம்யூனிட்டி காலேஜ் வகுப்பில் நானும் மாணவியாக உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பக்கம் ராணுவத்திலிருந்து திரும்பியவர், இன்னொரு பக்கம் இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்த தாய், நடுவில் பள்ளிப் பையன்கள் சிலர். அந்தத் தாய் கேட்ட கேள்விகளின் கூர்மையைப் பார்த்துப் பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்தது நினைவிருக்கிறது. ஒரே வயதுப் பிள்ளைகள் மட்டும் இருக்கும் அறையில் இது நடக்காது. உங்கள் மகளுக்கு அந்த அறை ஒரு குவார்ட்டராவது கிடைக்க வேண்டும்.

அப்புறம், உங்களுக்கு ஒன்று. கல்லூரியில் சேர்ந்துவிட்டால் அங்குள்ள அவளுடைய பதிவேடுகள் சட்டப்படி அவள் உரிமை, வயது பதினாறானாலும் சரி. பேராசிரியருக்கு நீங்கள் மின்னஞ்சல் அனுப்பினால் பெரும்பாலும் பணிவான மறுப்புதான் வரும். பள்ளி ஆசிரியரோடு பேசிப் பழகிய நமக்கு இது கஷ்டம். சந்தேகமோ சிக்கலோ, அவளே பேராசிரியரின் ஆபீஸ் நேரத்தில் போய்க் கேட்கட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்து சாப்பாடு போடுங்கள், காரில் கொண்டு விடுங்கள், அது போதும்.

இப்போது செய்ய வேண்டியது: பள்ளி கவுன்சிலரை அவளே பார்க்கட்டும். ஒவ்வொரு குவார்ட்டருக்கும் அவர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். ஆய்வக வகுப்பும் களப்பயணமும் சேர்ந்த ஜியாலஜிப் பாடமாகப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். பாடத்திலிருந்து விலகுவதற்கான கடைசித் தேதியை முதல் நாளே காலண்டரில் குறித்துவைக்கட்டும். வசந்தகாலக் குவார்ட்டரில் அந்தப் பாடம் நடந்தால் அதுவரை காத்திருப்பது நல்லது. மலைக் கணவாய்களில் பனி குறைந்து, கிழக்கே களப்பயணம் போக வசதியான காலம் அது.

அன்புடன்,
அக்கா