குடும்ப வரலாற்றுப் பக்கத்தில் எதை, எப்போது பதிவிடுவது?

கேள்வி இதுதான்: தாத்தா காலத்துப் படங்களையும் பத்திரங்களையும் வைத்து முகநூலில் குடும்ப வரலாற்றுப் பக்கம் தொடங்கியிருக்கிறீர்கள், வாரத்துக்கு எத்தனை பதிவு, என்னென்ன தலைப்பு என்று எப்படித் திட்டமிடுவது?

நான் பினாங்கில், பாலத்துக்கு இந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் இருந்துகொண்டு ஆறு ஆண்டுகளாக இப்படி ஒரு பக்கத்தை நடத்தி வருகிறேன். முதல் ஆண்டு உழைப்பெல்லாம் வீண். அப்போது என்னிடம் அழகான அட்டவணை ஒன்று இருந்தது: திங்கள் புகைப்படம், புதன் ஆவணம், வெள்ளி பழமொழி. எல்லாம் நேரத்துக்குப் போயின. படிக்கத்தான் ஆளில்லை. சித்தி மட்டும் தவறாமல் கைகூப்பும் படம் போடுவார்.

ஒரு படம்தான் எனக்குப் பாடம் நடத்தியது. நிபோங் திபால் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில், காலையில் ஆட்களைப் பேர் கூப்பிட்டுக் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் எடுத்தது. இருபத்தெட்டுப் பேர் நிற்கிறார்கள். ‘எங்கள் தாத்தாக்களின் வியர்வைக்கு வணக்கம்’ என்று எழுதிப் போட்டேன். பதினோரு விருப்பக்குறிகள், அதில் பாதி உறவுக்காரர்கள். எட்டு மாதம் கழித்து அதே படத்தைப் பெரிதாக்கி உட்கார்ந்து பார்த்துவிட்டு, இப்படி எழுதினேன்: ‘பின்வரிசை, இடமிருந்து மூன்றாவது ஆள். கையில் குடை, காதில் கடுக்கன். குடை இருப்பதால் தோட்டத்து எழுத்தரான கிராணியாக இருக்கலாம். பெயர் தெரியவில்லை. படத்தின் பின்னால் பென்சிலில் 1951 என்று இருக்கிறது. இவரை யாருக்காவது தெரியுமா?’

அன்றிரவே கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஓர் அம்மாள் எழுதினார். குடைக்காரர் அவருடைய தாயாருக்குத் தாய்மாமன். கிராணி இல்லை, ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியவர். குடையும் அவருடையது இல்லையாம். படத்தில் எடுப்பாகத் தெரியட்டும் என்று கிராணியிடமே இரவல் வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

என் பக்கத்துக்கு வருகிறவர் தன்னுடைய தாத்தாவைத் தேடிக்கொண்டு வருகிறார். என் தாத்தா அவருக்கு வழியோரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர். நின்று இரண்டு வார்த்தை விசாரித்துவிட்டுப் போவார், அவ்வளவுதான். அதனால் இப்போதெல்லாம் ஒரு பதிவை எழுதி முடித்ததும் ஒன்றே ஒன்றைப் பார்க்கிறேன்: முன்பின் தெரியாத ஒருவர் பிடித்துக்கொள்ள இதில் ஏதாவது இருக்கிறதா? தோட்டத்தின் பெயர், கப்பலின் பெயர், ஊர், ஆண்டு, செய்த வேலை, எதுவானாலும் சரி. ‘தாத்தா கப்பலில் வந்தார்’ என்பதைக் கடந்து போய்விடுவார்கள். ‘நாகப்பட்டினத்தில் ரஜுலா ஏறினார்’ என்றால் நான்கு பேராவது நிற்பார்கள். 1970-களின் தொடக்கம் வரை ஓடிய கப்பல் அது, அதில் வந்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள்.

பெயர்களில்தான் அதிகம் மெனக்கெட வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயர் பிள்ளையோடு வரும், அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடும். போதாக்குறைக்கு, ஆபீசில் எழுதியவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதிவைத்தார். எங்கள் வீட்டில் ஒரே கோவிந்தசாமி மூன்று பத்திரங்களில் மூன்று விதமான ஆங்கில எழுத்துகளில் இருக்கிறார். தேடுகிறவர் தன் வீட்டுப் பத்திரத்தில் உள்ளபடிதான் தட்டுவார். ஆகவே பதிவின் கடைசி வரியில் எல்லா வடிவங்களையும் ஆங்கில எழுத்தில் போட்டுவிடுங்கள். ஊர்ப் பெயருக்கும் இதே கதைதான்: கிள்ளான் துறைமுகத்துக்கு அந்தப் பெயர் வந்தது 1972-இல், பழைய தாள்களில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்றுதான் இருக்கும். தமிழ்ப் பதிவுக்குக் கீழே மலாயிலும் இரண்டு வரி சேர்க்கிறேன். அதற்காகத் திட்டு வாங்கியதுண்டு. ஆனால் தமிழ் படிக்கத் தெரியாத பேரன், பேத்திகள்தான் இந்தத் தேடலில் இறங்குகிறார்கள்.

நாள்காட்டி வேண்டாம் என்று சொல்லவில்லை. தைப்பூசத்துக்கு முந்தின வாரம் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் காவடிப் படத்தை எல்லோரும்தான் போடுவார்கள். நான் ‘உங்கள் வீட்டார் எந்தத் தண்ணீர்ப்பந்தலில் நின்றார்கள்?’ என்று கேட்பேன். ஒரு வாரத்துக்குப் பதில் ஓயாது. அக்டோபரில், சயாம் மரண ரயில்பாதை 1943-இல் முடிந்த மாதத்தில், படமே போடுவதில்லை. ஜப்பானியர் காலத்தில் அந்தப் பாதையைப் போடக் கூட்டிக்கொண்டு போகப்பட்டுத் திரும்பாதவர்களுக்குப் பெரும்பாலும் படமும் இல்லை, சமாதியும் இல்லை. உறவினர் அனுப்பும் பெயரையும் தோட்டத்தையும் மட்டும், வரிக்கு ஒருவராக எழுதுகிறேன். சிலருக்குப் பெயர்கூட இல்லை. ‘அப்பாயியின் அண்ணன்’ என்று மட்டும் அனுப்புகிறார்கள். அதையும் அப்படியே ஒரு வரியாகச் சேர்த்துவிடுகிறேன்.

நேரம் பற்றிக் கேட்பீர்கள். இரவு ஒன்பது மணி. அப்போது தமிழ்நாட்டில் மாலை ஆறரை, இரண்டு பக்கத்து உறவினர்களும் கைப்பேசியோடு இருப்பார்கள்.

கைவசம் சரக்கு இல்லாத வாரத்தில் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணைய நாளிதழ்க் களஞ்சியத்தில் தோட்டத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். 1935-இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்கள் அங்கே இருக்கின்றன. வீட்டில் சொல்லிக் கேட்ட கதையைப் பதிவிடும் முன் ஆண்டையும் சற்று உரசிப் பாருங்கள். ‘தாத்தாவை 1940-இல் கங்காணி ஆள் சேர்த்துக் கூட்டி வந்தார்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கூலி வேலைக்கு அப்படி ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938-லேயே தடை செய்துவிட்டது. ஒன்று ஆண்டு தவறு, அல்லது தாத்தா சொந்தச் செலவில் வந்தவர். பொதுவில் திருத்தாமல் தனிச்செய்தியில் கேட்டேன். பிறகு அவரே மாற்றிக்கொண்டார்.

என் பெரிய சறுக்கலையும் சொல்லிவிடுகிறேன். அத்தையின் பழைய அடையாள அட்டையைப் பதிவிட்டேன். எண்ணை மறைத்தவன் பிறந்த ஆண்டை மறைக்கவில்லை. மாமாவைவிட அத்தை ஒரு வயது மூத்தவர் என்பது ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, அன்றைக்குத்தான் மாமாவுக்கே தெரிந்தது. இரண்டு தீபாவளிக்கு அந்த வீட்டிலிருந்து முறுக்கு வரவில்லை. உயிரோடிருப்பவர்களின் பத்திரம் எதையும் இப்போது தொடுவதில்லை. இன்றைய அட்டையின் பன்னிரண்டு இலக்க எண்ணில் முதல் ஆறும் பிறந்த தேதி, அடுத்த இரண்டும் பிறந்த மாநிலம்; பினாங்கு என்றால் 07. கடைசி நான்கை மட்டும் மறைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம்.

‘இவர்கள் எந்த ஆட்கள்?’ என்று சாதி விசாரிக்கும் கருத்துகளும் வரும். பதில் சொல்வதில்லை, நீக்கிவிடுகிறேன்.

எத்தனை பதிவு என்றால், மாதத்துக்கு நான்கு. மூன்றை முன்கூட்டியே எழுதி வைக்கிறேன். நான்காவது இடத்தைக் காலியாக விட்டுவிடுவேன். முந்தைய பதிவுகளுக்கு வந்த பதில்களிலிருந்து அது தானாக முளைக்கும். இந்த மாதத்துக்குச் செந்தூல் அம்மாள் ஒரு படம் அனுப்பியிருக்கிறார். அதே மனிதர், குடை இல்லாமல், ஒரு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பின்னிருக்கையில் ஐந்து வயதுப் பையன் ஒருவன். அவன் யாரென்று அந்த அம்மாளுக்கும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குப் போடுகிறேன்.