இராத்திரி ஹயர் ஓடுபவர் கண்ணுக்கு லேசர் செய்யலாமா?

கேள்வி: வயது 26. ஹட்டனில் ஆட்டோ ஓடுகிறேன். நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை என்று இராத்திரியிலும் ஹயர் போவேன். மழைக்கும் மூடுபனிக்கும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தே அலுத்துவிட்டது. கொழும்பில் லேசர் செய்தால் கண்ணாடியே வேண்டாம் என்கிறார்கள். கண் போய்விடும் என்று அம்மா பயப்படுகிறார். வலது கண் மைனஸ் 5.50, சிலிண்டர் 2.00, போன வருடம் சிலிண்டர் 1.25தான். இடது கண்ணில் மாற்றமில்லை. காலையில் எழுந்ததும் கண்ணை நன்றாகக் கசக்கினால்தான் அரிப்பு அடங்கும். மற்றபடி ஒரு நோயும் இல்லை. ஆபத்து எவ்வளவு?

பதில்: தம்பி, லேசர் செய்து கண் அடியோடு போவது மிக மிக அரிது. அம்மாவிடம் அதை முதலில் சொல்லிவிடுங்கள். "மற்றபடி ஒரு நோயும் இல்லை" என்கிறீர்களே, அந்த "மற்றபடி"க்கு முன்னால் எழுதியதுதான் எனக்கு இடிக்கிறது. கண்ணின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாததைச் சரிசெய்யும் பவர்தான் சிலிண்டர். அது ஒரு கண்ணில் மட்டும் ஏறியிருக்கிறது. தினமும் கண்ணைக் கசக்குகிறீர்கள்.

கருவிழிக்கு மேல் கைக்கடிகாரக் கண்ணாடி மாதிரி மூடியிருக்கும் தெளிந்த படலம்தான் கோர்னியா. நடுவில் அதன் தடிப்பு சராசரியாக 540 மைக்ரோன். அரை மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் கூட. லேசிக் முறையில் மேலே ஏறத்தாழ 110 மைக்ரோன் தடிப்பில் ஒரு மூடி வெட்டி, புத்தக அட்டையைப் போலத் திருப்பிவைத்து, அடியில் உள்ளதை லேசரால் செதுக்குவார்கள். பிறகு மூடியைத் திரும்பப் படிய வைப்பார்கள். தையல் கிடையாது. ஒரு பவர் குறைக்கச் சுமார் 14 மைக்ரோன் போகும். உங்கள் வலது கண்ணில் 5.50ஐயும் 2.00ஐயும் சேர்த்தால் 7.50, ஆக 105. 540இல் 110ஐயும் 105ஐயும் கழித்தால் மிச்சம் 325. இந்த மிச்சம் 250க்குக் கீழே இறங்கவே கூடாது. 300ஆவது இருந்தால்தான் நிம்மதி. உங்கள் கோர்னியா இயல்பிலேயே 490தான் என்றால் மிஞ்சுவது 275. நானாக இருந்தால் அந்தக் கண்ணில் லேசிக் செய்யமாட்டேன்.

தடிப்பு போதும் என்றாலும் விஷயம் முடியவில்லை. கெரட்டோகோனஸ் என்றொரு நோய் உண்டு. கோர்னியா மெலிந்து கூம்பு மாதிரி முன்னால் தள்ளும். பெரும்பாலும் பதின்ம வயதிலோ இருபதுகளிலோ தொடங்கும். நம் தெற்காசியரிடம் கூடுதல், அலர்ஜியால் கண்ணைக் கசக்குபவர்களிடம் அதைவிடக் கூடுதல். ஆரம்பத்தில் கண்ணாடிக் கடைச் சோதனையில் "சிலிண்டர் ஏறியிருக்கிறது" என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்ட கண்ணில் லேசர் செய்தால் ஈரம் ஊறிய மண்மேட்டை அடியில் வெட்டின மாதிரி. அன்றைக்கு ஒன்றும் நடக்காது. பார்வையும் பளிச்சென்று இருக்கும். மாதங்கள், சில வேளை வருடங்கள் கழித்துத்தான் கோர்னியா சரிந்து பிதுங்கும். அதன்பின் சாதாரணக் கண்ணாடியால் தெளியாது. கடினக் கொன்டாக்ட் லென்ஸ் வேண்டும், சிலருக்குக் கோர்னியாவையே மாற்ற வேண்டிவரும். லேசரில் நான் பயப்படுவது இதற்குத்தான்.

உங்களுக்கு அது இருக்கிறது என்று கேள்வியை வைத்துச் சொல்லமாட்டேன். கோர்னியா டொப்போகிராபி என்ற படம் எடுத்தால் தெரியும். சில நிமிட வேலை, வலியில்லை. இருந்தால் லேசிக்கை மறந்துவிடுங்கள். நோய் கூடாமல் தடுக்க ரைபோபிளேவின் சொட்டு விட்டுப் புறஊதா ஒளி பாய்ச்சும் சிகிச்சை உண்டு. நேரத்தோடு பிடிப்பது முக்கியம். படம் சுத்தமாக வந்தாலும் பவர் ஒரு வருடமாவது அசையாமல் நிற்க வேண்டும். உங்களுடையது நிற்கவில்லை.

எல்லாம் சரியாகவே வந்தாலும் உங்கள் தொழில் இருக்கிறது. இருட்டில் கண்மணி விரியும்போது, செதுக்கிய வட்டத்தின் ஓரம் வழியாகவும் வெளிச்சம் நுழையும். அதனால் லைட்டைச் சுற்றி வளையமோ கதிரோ தெரியலாம். அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கட்டுப்படுத்தும் எஃப்டிஏ பங்கெடுத்த லேசிக் ஆய்வுகளில், முன்பு இப்படித் தொந்தரவு இல்லாதவர்களில் 46 சதவீதம் வரையானோர் மூன்றாம் மாதத்தில் ஏதாவதொன்றைச் சொன்னார்கள். அன்றாட வேலையே பெரும்பாடு என்றவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு. 95 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பார்வையில் திருப்தி. ஒபிசில் இருப்பவருக்கு இது நல்ல கணக்கு. டிக்கோயாப் பக்கம் மூடுபனிக்குள் லொறி லைட் பூத்துக்கொண்டு வரும்போது பள்ளத்து ஓரத்தைப் பிடிக்க வேண்டியவருக்கு அவ்வளவு நல்ல கணக்கல்ல. பெரும்பாலும் மாதங்கள் போகப்போகக் குறையும். அதுவரை இராத்திரி ஹயர் இல்லாமல் சமாளிக்க முடியுமா என்று இப்போதே பாருங்கள்.

அதே ஆய்வுகளில், முன்பு கண் உலர்வு இல்லாதவர்களில் 30 சதவீதம் வரையானோருக்கு உலர்வு வந்தது. மூடி வெட்டும்போது கோர்னியாவின் நரம்புகளும் வெட்டுப்படுவதே காரணம். பக்கம் திறந்த ஆட்டோவில் காற்று நேரே கண்ணில் அடிக்குமே!

மூடி வருடக்கணக்கில் ஆனாலும் பலத்த அடிபட்டால் விலகலாம். கவ்வாத்து மலையில் தேயிலைக் குச்சி தெறிக்கும் இடத்தில் வேலை செய்பவர் கேட்டால் மூடியில்லாத பிஆர்கே முறையைத்தான் சொல்வேன். அதில் மூன்று நான்கு நாள் நல்ல வலி, பார்வை தெளியவும் நாளாகும், கோர்னியாவில் மங்கல் படியலாம். வெயில் அந்த மங்கலைக் கூட்டும். குளிர்தானே என்று இங்கே யாரும் கறுப்புக் கண்ணாடி போடுவதில்லை. ஆயிரம் மீற்றர் ஏறினால் புறஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். ஹட்டன் 1,200 மீற்றருக்கும் மேலே.

செய்வதாக இருந்தால் அன்றைக்கே கினிகத்தேனை ஏறி வீடு வரப் பார்க்காதீர்கள். மறுநாள் கட்டாயம் கண்ணைக் காட்ட வேண்டும். ஒரு கிழமை கொழும்பில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் நல்லது. அந்தக் கிழமை பீலித் தண்ணீர் மட்டுமல்ல, எந்தத் தண்ணீரும் கண்ணுக்குள் போகக்கூடாது. வலி கூடி, சிவந்து, பார்வை மங்கினால் அன்றே ஓடுங்கள். கிருமியாகவோ மூடிக்கு அடியில் அழற்சியாகவோ இருக்கலாம். தருகிற ஸ்டீரொயிட் சொட்டை முடிந்த பிறகும் பார்மசியில் வாங்கி விட்டுக்கொண்டே இருந்தால் கண் அமுக்கம் ஏறும்.

இன்னொன்று: லேசர் கண்ணின் முன்பக்கத்தைத்தான் மாற்றும். மைனஸ் கூடிய கண்ணுக்கு விழித்திரை கிழியும் வாய்ப்பு அப்படியே இருக்கும். நாற்பது தாண்டினால் வாசிக்கக் கண்ணாடியும் வரும்.

இப்போதைக்குப் பழைய கண்ணாடிச் சீட்டுகள் எத்தனை இருந்தாலும் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்குப் போங்கள். சிலிண்டர் ஏறியதையும் கசக்குவதையும் நீங்களாகவே சொல்லி, டொப்போகிராபி எங்கே எடுக்கலாம் என்று கேளுங்கள். அரிப்புக்கும் அங்கேயே சொட்டு மருந்து கேட்கலாம். நாளைக் காலை அரித்தால் சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய கண்மேல் வையுங்கள். விரல் போகவேண்டாம்.