நைட் டியூட்டி, பாண்ட், கடைசி பஸ்: நர்ஸ்களின் கேள்விகளும் பதில்களும்

நீலகிரியில் டூரிஸ்ட் சீசன் முடிந்தால் ராஜினாமா சீசன் போலிருக்கிறது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி ‘வேலையை விட்டுவிடலாமா சிஸ்டர்’ ரகம்.

இரண்டு வருடம் விலகமாட்டேன், விலகினால் பணம் கட்டுவேன் என்ற பாண்டில் (ஒப்பந்தத்தில்) சேர்ந்தேன். எட்டு மாதத்தில் வீட்டு நிலைமையால் விலக வேண்டியிருக்கிறது. 1 லட்சம் கட்டினால்தான் ஒரிஜினல் சர்டிபிகேட் தருவோம் என்கிறார்கள். (கூடலூர்)

ஒரிஜினலை ஏன் கொடுத்தீர்கள்? காட்டலாம், காட்டிவிட்டு அன்றைக்கே கையோடு வாங்கி வந்துவிட வேண்டும். எத்தனை முறை எழுதிவிட்டேன்! சரி, நடந்தது நடந்துவிட்டது. நகையை அடகு பிடிப்பதுபோல சர்டிபிகேட்டைப் பிடித்துவைக்க அவர்களுக்கு உரிமை இல்லை. பாண்ட் தொகை வேறு விஷயம். ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவுப்படி நியாயமான இழப்பீடுதான் கேட்கலாம். தாளில் எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு, அவ்வளவுதான். உங்களுக்கு என்ன பயிற்சி கொடுத்தார்கள், என்ன செலவானது என்று எழுத்தில் கேளுங்கள். நகல் உங்கள் கையில் இருக்கட்டும். மசியவில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு.

ரொம்ப ஸ்ட்ரெஸ்ஸாக இருக்கிறது. என்ன செய்வது? (பெயர், ஊர் இல்லை)

எந்த வார்டு, ஒரு ஷிப்டில் எத்தனை பேஷண்ட், மாதத்துக்கு எத்தனை நைட்? ஒன்றும் எழுதவில்லை. ‘உடம்பு சரியில்லை’ என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு பேஷண்ட் உட்கார்ந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? விவரத்தோடு எழுதுங்கள். ஆனால் வாரக்கணக்கில் தூக்கமில்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற நிலை இருந்தால் என் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள்.

எங்கள் 60 படுக்கை மருத்துவமனையில் ஒரே வருடத்தில் ஒன்பது நர்ஸ்கள் விலகிவிட்டார்கள். யோகா வகுப்பு வைத்தோம், நர்ஸ்கள் தினமான மே 12-இல் கேக் வெட்டினோம். மன அழுத்தத்தைக் குறைக்க வேறென்ன செய்யலாம் மேடம்? (நிர்வாகி, குன்னூர்)

கேக் போதும் ஐயா. உங்கள் ஷிப்ட் இரவு எத்தனை மணிக்கு மாறுகிறது? எட்டரை என்றால், அடுத்த ஷிப்ட் நர்ஸிடம் நோயாளிகளை ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப ஒன்பது ஆகிவிடும். அந்த நேரத்தில் கோத்தகிரிப் பக்கம் போகிற பெண்ணுக்கு பஸ் இருக்கிறதா என்று உங்கள் ஆபீஸில் யாராவது பார்த்ததுண்டா? பஸ் கிடைத்தாலும், இறங்கித் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் அரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். காட்டெருமை நிற்கும். கரடியும் வரும்.

என்னிடம் வேலை பார்த்த ஒரு பெண், டார்ச்சோடு ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும் பையில் வைத்திருப்பாள், சத்தம் போட்டுக்கொண்டே நடக்க. குழந்தைகளுக்குக்கூட ஒரே குத்தில் வெயின் (ஊசி ஏற்றும் ரத்தக்குழாய்) எடுப்பாள். ஒன்றரை வருடத்தில் கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள். ராஜினாமாவில் ‘சொந்தக் காரணம்’ என்று எழுதியிருந்தாள். அந்தக் காரணம் அவள் பையில் இருந்தது எனக்குத் தெரியும். ஷிப்டை ஏழு மணிக்கு மாற்றச் சொல்லி இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். டாக்டர் ரவுண்ட்ஸுக்கு ஒத்துவராது என்றார்கள். அடுத்த வருடம் இன்னும் நான்கு பேர் போனார்கள்.

அப்புறம், ஆள் கணக்கு. இந்திய நர்சிங் கவுன்சில் பொது வார்டில் 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்கிறது. மருத்துவக் கல்லூரி என்றால் 3-க்கு ஒருவர். லீவுக்காக அதற்கு மேல் 30 சதவீதம் சேர்க்கச் சொல்கிறது. இந்த 30 மட்டும் எந்த நிர்வாகி கண்ணிலும் படுவதில்லை. ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருத்திக்கு டபுள் டியூட்டி. உச்ச நீதிமன்றம் சொல்லி 2016-இல் அமைந்த குழு, 50 படுக்கைகூட இல்லாத தனியார் மருத்துவமனையிலும் நர்ஸ் சம்பளம் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது. நீங்கள் என்ன கொடுக்கிறீர்கள் என்று கடிதத்தில் காணோமே?

ஷிப்டை ஏழுக்கு மாற்றுங்கள். ஒரு ஜீப் போடுங்கள். அடுத்த மாத ரோஸ்டரை (யாருக்கு எப்போது டியூட்டி என்ற பட்டியலை) 25-ஆம் தேதியே ஒட்டுங்கள். ஆறு மாதம் கழித்து எழுதுங்கள், யோகாவைப் பற்றிப் பேசலாம்.

காண்ட்ராக்டில் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. பிரசவ லீவு கிடையாது என்கிறார்கள். (ஊட்டி)

உண்டு. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். முதல் இரண்டு குழந்தைக்கு 26 வாரம், சம்பளத்தோடு. வாயால் கேட்காதீர்கள். எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.

ஜனவரிக் குளிரில் வெயின் கிடைப்பதில்லை. இரண்டாவது குத்துக்கே கூட இருப்பவர்கள் கத்துகிறார்கள். போன வாரம் ஒருவர் கை ஓங்கினார். (கோத்தகிரி)

குளிரில் ரத்தக்குழாய் சுருங்கும், உங்கள் தப்பில்லை. வெதுவெதுப்பான துணியைக் கையில் ஐந்து, பத்து நிமிடம் சுற்றி வையுங்கள். கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிடச் சொல்லுங்கள். இரண்டு முறைக்கு மேல் நீங்களே முயலாதீர்கள், வேறு ஆளைக் கூப்பிடுங்கள். கை ஓங்கியதை அன்றைக்கே எழுதிக் கொடுத்தீர்களா? மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் ஜாமீனில் வர முடியாத குற்றம் என்று தமிழ்நாட்டில் 2008-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் எழுத்தில் புகார் இல்லாமல் சட்டம் தானாக நடந்து வராது. நகல், நகல், நகல்.

வளைகுடாவுக்கு அனுப்புவதாக ஏஜென்ட் 3 லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா? (பந்தலூர்)

கூடாது. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் முதலில் பதிவு செய்யுங்கள்.

மனைவி நர்ஸ். டியூட்டி முடிந்து வந்து தினமும் அழுகிறாள். வேலையை விடச் சொல்லிவிடட்டுமா? (அருவங்காடு)

அவரை எழுதச் சொல்லுங்கள். அதுவரை இரவுச் சாப்பாட்டை நீங்கள் சமையுங்கள்.